நீ அடிக்காத சூடம்

அம்மாவுக்கு ராசு, ஊருக்குக் கேப்டன் செல்வராசு, எந்த உடுப்பில் வந்தாலும் எனக்கு மட்டும் வெறும் அண்ணனாகவே இருந்தவனே,

நலமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கம். போய்ச் சேர்ந்தவனிடம் அதைக் கேட்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டதாகவே வைத்துக்கொள். நாங்கள் இங்கே நலம். அம்மாவுக்குத்தான் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். பதறாதே, அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு எழுதுவதை எதற்கு நாலு பேர் படிக்கக் கொடுக்கிறாய் என்று கேட்பாய். நீ ரகசியம் வைத்து நம் ஊர் பட்டது போதும் அண்ணே. இனி நம் வீட்டுச் சங்கதி எல்லாம் வெளிச்சத்திலேயே இருக்கட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆகிறதாம். முன்பு ஆக்கினார்கள், பிறகு பெரம்பலூரோடு சேர்த்தார்கள், இப்போது மறுபடி பிரிக்கிறார்கள். உன் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், "இனிமே மனு குடுக்கப் பெரம்பலூருக்குப் பஸ் ஏற வேணாம்" என்று சொல்லிவிட்டு டக்கென்று வாயை மூடிக்கொண்டார். மனு, பெரம்பலூர் இரண்டும் ஒரே பேச்சில் வந்தால் நம் வீட்டில் எல்லோரும் பேச்சை மாற்றிவிடுவோம். ஏன் என்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து வருகிறேன்.

நீ சின்ன வயதிலிருந்தே ஆபீசர்தான். கொல்லை என்று நாம் சொல்லும் முந்திரிக்காட்டில் ஆடு மேய்க்க விட்டால் ஆடுகளை வரிசையில் நிறுத்தி லெப்ட், ரைட் சொல்வாய். ஒரு தடவை கிடா முட்டி முந்திரி மரத்தடியில் விழுந்தாயே, அதுதான் நீ வாங்கிய முதல் விழுப்புண். அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள், நான் சிரித்துச் சிரித்து அடி வாங்கினேன்.

திருச்சியில் காலேஜ் படிக்கும்போது ஆபீசர் தேர்வு எழுதித் தோற்றாய். யாரோடும் பேசாமல் கிடந்தாய். பிறகு விடிகாலையில் செந்துறை வரைக்கும் ஓடிவிட்டு வர ஆரம்பித்தாய். முதல் பஸ் டிரைவர் உன்னைக் கண்டால் ஹாரன் அடிப்பார். மறு தடவை தேறினாய்.

தொண்ணூற்றைந்தில் சென்னையில் பயிற்சி முடித்துத் தோளில் நட்சத்திரத்தோடு வந்தாய். நம் ஊருக்கே வரும் பஸ் இருக்கும்போது செந்துறையில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்து வந்தாய். ஏன் இந்த வெயிலில் என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாரும் பாக்கணும்ல" என்றாய். வெட்கமே இல்லாமல் சொன்னாய். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அன்றைக்குச் சோறு தின்ற கையோடு விரல் மடக்கிக் காட்டினாய். சுண்டு விரல் லெப்டினன்ட், மோதிர விரல் கேப்டன், நடு விரல் மேஜர், ஆள்காட்டி விரல் கர்னல், கட்டை விரல் ஜெனரல். "அஞ்சு வெரலுதான் தனம், அஞ்சையும் மடக்கிட்டுத்தான் ஊருக்கு வருவேன்" என்றாய். "கைய மொதல்ல கழுவு" என்றேன் நான்.

மலையிலிருந்து நீ எழுதிய கடிதங்களை இன்னும் சொல்லிச் சிரிப்போம். அங்கே பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் வேகாது, வெந்த பருப்புச் சோறு தின்னவே ஊருக்கு வரவேண்டும் என்று எழுதினாய். அம்மா உடனே குக்கர் வாங்கி அனுப்பச் சொன்னாள். பாகிஸ்தான் எல்லையில் இருக்கும் மகனுக்குக் குக்கர் பார்சல். நான் முந்திரிப்பருப்பை மட்டும் வறுத்து அனுப்பினேன்.

பிறகு கார்கில் சண்டை வந்தது. நீ அப்போது கேப்டன். ஊரே பஞ்சாயத்து டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். செந்துறை டெலிபோன் பூத்துக்கு நீ பேசுவாய் என்று நானும் உன் மாப்பிள்ளையும் போய்ப் போய்த் திரும்பினோம். கடைசியில் அம்மாவும் கூட வந்த அன்று பேசியது நீ இல்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வேறு யாரோ. உயிருக்குப் பயமில்லை, வலது கையில்தான் அடி என்றார்கள். வெளியே வந்து அம்மாவிடம் சொன்னதும், "கைதானே, நான் ஊட்டி விடுறேன்" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பூத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அரியலூர் ஸ்டேஷனிலிருந்து உன்னை அழைத்துவர நம் ஊரிலிருந்து ஆண், பெண் எல்லாம் வேன் பிடித்துப் போனோம். மேளம் அடித்தார்கள். மாலை போட்டார்கள். நீ வலது கையைப் பேண்ட் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் எனக்குக் காட்டினாய். குண்டுச் சிதறல் கட்டை விரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் கொண்டு போயிருந்தது. உள்ளங்கை சுருங்கி, விரியாமல் இருந்தது. "பாத்தியா, மேஜர்லேர்ந்து மேல எல்லாத்தையும் எடுத்துட்டான்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு நான் அழுத மாதிரி அப்பா செத்தபோதுகூட அழவில்லை.

அம்மா சொன்னபடியே ஊட்டிவிட்டாள். சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்தாய். ஆனால் எத்தனை நாளைக்கு ஊட்டுவாள்? கோயில் விருந்தில் இலை போட்டதும் நீ எழுந்து போகப் பார்த்தாய். பந்தியில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட உனக்குக் கூச்சம். அப்போது ஊர்ப் பெரியவர் கோவிந்தசாமி மாமா உன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "நொட்டாங்கையா இருந்தா என்னப்பா, இனிமே அதான் ஒனக்குச் சோத்துக்கை. ஒக்காந்து தின்னு" என்றார். பக்கத்து இலைக்காரர்கள் ஒருவரும் உன் கையைப் பார்க்காமல் குனிந்து சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து ஊரே உன் இடது கையைச் சோற்றுக்கையாக ஒத்துக்கொண்டது. பூசாரி அந்தக் கையில் திருநீறு போட்டார். கல்யாண வீட்டில் அந்தக் கையால் நீ நீட்டிய வெற்றிலையை முகம் சுளிக்காமல் வாங்கினார்கள். நம் ஊர்க்காரர்கள் எதற்கும் சட்டென்று இறங்கி வருகிறவர்கள் இல்லை, உனக்குத் தெரியும். உனக்காக இறங்கினார்கள்.

பட்டாளம் அப்படி இறங்கவில்லை. கை ஆறியதும் வடக்கே எங்கோ ஒரு கிடங்கு ஆபீசில் உட்கார வைத்தார்கள். போர்வை, பூட்ஸ் கணக்கு. எதிர்பார்த்த பதக்கம் வரவில்லை. "எனக்கு சல்யூட் அடிச்சவனுக்கு இப்ப நான் அடிக்கிறேன் தனம்" என்று போனில் சொன்னாய். பிறகு டாக்டர்கள் கூடி உட்கார்ந்து, இனி உனக்குச் சிரமம் வேண்டாம் என்று மரியாதையாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதற்கிடையில் உனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அண்ணியும் குழந்தையும் திருச்சியில் அண்ணி பிறந்த வீட்டில் இருந்தார்கள். நீ பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே.

ஊரில் உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே அண்ணே. ஆகஸ்ட் பதினைந்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்ற உன்னைத்தான் கூப்பிடுவார்கள். இடது கையால் கயிற்றை இழுப்பாய், கொடி விரிந்ததும் உன் மார்பும் விரியும். மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு வேப்ப மரத்தடியில் நிற்பாய், யாருக்கும் உன்னிடம் வேலை இருக்காது. வருஷத்தில் ஒரு நாள் ஆபீசர், மற்ற நாளெல்லாம் அம்மா பெற்ற பிள்ளை. அது உனக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு என்ன செய்ய முடியும் என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சுண்ணாம்புக்கல்லுக்குக் கம்பெனி வந்தது. நம் ஊருக்குப் பின்னால் வெளியூர்க்காரர்கள் தரிசாகப் போட்டுவைத்திருந்த பொட்டல் முழுவதையும் வாங்கிவிட்டார்கள். உள்ளே போகத்தான் வழி இல்லை. நம் ஊர்க் கொல்லைகளைத் தாண்டித்தான் லாரி போக முடியும். ரோட்டை ஒட்டி முதலாவதாக இருந்தது நம் அப்பாவின் மேலக்கொல்லை. அப்பா அதை உன் பேருக்கும், ஏரிக்கரையில் இருக்கும் கீழக்கொல்லையை அம்மா பேருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

குழி தோண்டினால் கிணறு வற்றும், தூசி விழுந்து முந்திரி பூக்காது என்று பக்கத்து ஊர்களைப் பார்த்துத் தெரிந்திருந்தது. யாரும் வழி விடக்கூடாது என்று ஊர் முடிவு செய்தது. போராட்டத்துக்குத் தலைமை யார் என்று யோசிக்கவே இல்லை, எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். தரையில் குச்சியால் கோடு போட்டு, இங்கே இத்தனை பேர், அங்கே இத்தனை பேர் என்று நீ சொல்லச் சொல்ல, கிழவர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள்.

நம் ஊரில் பெரிய காரியம் என்றால் ஐயனார் கோயிலில் சூடம் அடிப்பது வழக்கம். கல்லில் சூடத்தை ஏற்றுவார்கள், வீட்டுக்கு ஒருவர் வந்து எரிகிற சூடத்தை வலது உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். சூடம் அடித்துவிட்டு யாரும் சொல் மாறியது கிடையாது. ஒவ்வொருவராக அடித்தார்கள். உன் மாப்பிள்ளை அடித்தார். உன் முறை வந்தது.

நீ முன்னால் போய் நின்றாய். வலது கையை நீட்டினாய், அது விரியவில்லை. இடது கையைத் தூக்கினாய். பூசாரி தயங்கினார். சாமி முன்னால், சத்தியத்துக்கு, இடது கையா என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோவிந்தசாமி மாமா எல்லோரையும் கையமர்த்தினார். "நீ அடிக்க வேணாம்பா. நாட்டுக்காகக் குடுத்த கை அது. அதுக்கு மேல ஒரு சத்தியம் இருக்கா? நீ சும்மா நில்லு, போதும்" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். பெண்கள் குலவை போட்டோம். எனக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்தது.

சோற்றுக்கு ஒத்துக்கொண்ட கையைச் சத்தியத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் விட்டோம். அதை மரியாதை என்று நினைத்தோம். நீ கையைப் பேண்ட் பைக்குள் வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாய்.

கொஞ்ச நாள் கழித்துத் திட்டம் சொன்னாய். ஊர் ஆண்கள் மொத்தமும் பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் போய் நிற்கவேண்டும், ஒருவர்கூட வீட்டில் தங்கக்கூடாது, அப்போதுதான் மனுவுக்கு மதிப்பு என்றாய். "ஊரு காவல நான் பாத்துக்கிறேன், நீங்க தைரியமாப் போங்க" என்றாய். கேப்டனே காவல் என்றால் வேறென்ன வேண்டும்? கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். நான்தான் உன் மாப்பிள்ளைக்குப் புளிச்சோறு கட்டினேன்.

அவர்கள் போன பிறகு மேலக்கொல்லைப் பக்கம் சத்தம் கேட்டது. பெண்கள் எல்லோரும் ஓடினோம். மஞ்சள் மிஷின் ஒன்று அப்பாவின் முந்திரி மரங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. நான் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன் அண்ணே. அண்ணன் வந்தால் நிறுத்திவிடுவான் என்று மற்றவர்களுக்கும் தைரியம் சொன்னேன். மிஷினுக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து நீ இறங்கினாய். புது நீல உடுப்பு. தோளில் ஏதோ பட்டை.

"தனம், ஓரமாப் போ. இது கம்பெனி எடம்" என்றாய்.

"அப்பா எடம்" என்றேன்.

"எம் பங்க நான் குடுத்துட்டேன்."

"சத்தியம் பண்ணியேண்ணே."

"நான் பண்ணல. பண்ணவேணாம்னு நீங்கதான் சொன்னீங்க."

கம்பெனிக் காவலர்கள் கைகோத்து நின்றார்கள், மரங்கள் விழுந்தன, சாயங்காலம் நம் ஆண்கள் மனு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மண் ரோடு போட்டு முடித்திருந்தார்கள். கோவிந்தசாமி மாமா அந்த ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து போய், விழுந்து கிடந்த மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அன்றோடு நம் வீட்டை ஊர் எதற்கும் கூப்பிடுவதில்லை. என்னை உன் மாப்பிள்ளை வீட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அம்மாதான் தனியாக மாட்டிக்கொண்டாள்.

நீ கம்பெனி குவார்ட்டர்சுக்குப் போய்விட்டாய், பாதுகாப்பு அதிகாரி. ஒருநாள் செந்துறை பஸ் ஸ்டாண்டில் பருத்தி விதை மூட்டையோடு நின்றிருந்தேன். ஜீப்பை நிறுத்தி, ஏறு என்றாய். மாட்டேன் என்றேன். டீக்கடை ஓரமாக நின்று அன்றைக்குத்தான் நாம் பேசினோம்.

"கேட்டுல நாலு பேரு எனக்கு சல்யூட் அடிக்கிறான் தனம். காலைல எந்திரிக்க ஒரு காரணம் இருக்கு."

"சல்யூட்டு வேணும்னா என்னக் கேட்டிருக்கலாமே, தெனம் நான் அடிச்சிருப்பேன். அதுக்கா ஊரு வயித்துல அடிச்சே?"

நீ டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தாய். பிறகுதான் அதைச் சொன்னாய். "ஒனக்கு சிரமம் வேணாம்னு சொல்லித்தான் ஆர்மியும் அனுப்புச்சு. கோயில்ல மாமாவும் அதேதான் சொன்னாரு. நீ சும்மா நில்லு, போதும்னு. எல்லாரும் உள்ள நிக்கிறாங்க, என்ன மட்டும் வெளியில நிறுத்தி மால போட்டு வெச்சிருந்தீங்க தனம்."

அது நியாயம் என்று நான் சொல்லவில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். மனசு நொந்தவன் எல்லாம் ஊரைக் காட்டிக்கொடுத்தால் இந்தப் பூமியில் எந்த ஊர் மிஞ்சும்? ஆனாலும் அது என் மனசில் முள்ளாக நின்றுவிட்டது. நான் பஸ்ஸில் ஏறினேன். நீ ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்கள் பஸ் பின்னாலேயே மெதுவாக வந்தாய், நம் ஊர் திருப்பம் வரைக்கும். நான் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருப்பாய். பார்த்துக்கொண்டேதான் வந்தேன் அண்ணே.

அம்மா உன்னோடு பேசவில்லை. ஆனால் சோறு அனுப்பினாள். "பேச்சு வேற, சோறு வேற" என்று தூக்குவாளியில் வெந்த பருப்பும் கருவாட்டுக் குழம்பும் போட்டு உன் மாப்பிள்ளை கையில் கொடுப்பாள். அவர் மொபெட்டில் வந்து கேட்டில் வைத்துவிட்டு வருவார். நீ பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று கழுவி அதில் பிஸ்கட் போட்டு அனுப்புவாய். அம்மா அதைத் தொடாமல் மாட்டுக்குப் போடுவாள். நம் செவலைப் பசு அந்தப் பிஸ்கட்டுக்குப் பழகி, மொபெட் சத்தம் கேட்டாலே கத்த ஆரம்பித்துவிட்டது. உன் மேல் நம் வீட்டில் கோபமே இல்லாதது அது ஒன்றுதான்.

போன வருஷம் நெஞ்சு வலி என்று உன்னைத் திருச்சிக்கு ஏற்றிப் போனார்கள். லால்குடி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அண்ணி உன்னை ஊருக்குத்தான் கொண்டுவந்தாள், அந்த மட்டுக்கும் அவளுக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

நம் ஊரில் சாவு விழுந்தால் இரண்டு வழக்கம். வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்கவேண்டும். பிணம் எடுக்கும்வரை யாரும் கொல்லை வேலைக்குப் போகக்கூடாது. உனக்கு ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. கம்பெனிக் காவலர்கள் வந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள், உன் மாப்பிள்ளையும் அவர்களும்தான் தூக்கினார்கள். அம்மா உன் சுருங்கிய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு விடவே இல்லை, நான்தான் பிரித்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். நாங்கள் தெருவில் உன்னைக் கொண்டு போகும்போது எல்லா வீட்டு வாசலிலும் மண்வெட்டி சாத்தியே இருந்தது. நீ போகும்வரை யாரும் கொல்லைக்குப் போகவில்லை. ஊர் உனக்குப் பாதி வழக்கத்தை மட்டும் செய்தது.

இப்போது கொப்புளத்துக்கு வருகிறேன்.

மேலே குழி ஆழமாகிவிட்டது. நாலைந்து கிணறு வற்றிவிட்டது. இப்போது கம்பெனி கீழே, ஏரிக்கரைப் பக்கம் கேட்கிறது. அதுவும் போனால் ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் போய்விடும், ஊரே காலி செய்யவேண்டியதுதான். மறுபடியும் ஐயனார் கோயிலில் சூடம் அடிப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது. வாய்க்காலை ஒட்டியிருப்பது அம்மாவின் கீழக்கொல்லை. கம்பெனி ஆட்கள் அம்மாவிடம் வந்து, கேப்டன் சாரின் அம்மா என்று பவ்வியமாகப் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். ஊருக்கும் அது தெரியும்.

வீடு வீடாகத் தப்பு மேளம் அடித்துச் சொல்லி வந்தார்கள். அம்மா வாசலில் வந்து நின்றாள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நம் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில் போய்ச் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தபோது அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தாள். "நான் சாகறப்பவும் மம்பட்டிய மட்டும் சாத்தி வெப்பாங்களா தனம்?" என்று கேட்டாள்.

என் கோபம் உனக்குத் தெரியும். செருப்புக்கூடப் போடாமல் கோவிந்தசாமி மாமா வீட்டுக்குப் போனேன்.

"எங்கம்மாவ ஏன் கூப்புடல மாமா?"

"அந்த வூட்டுச் சத்தியம் வேணாம்மா. ஒரு தரம் பட்டுட்டோம்."

"எங்க வூட்டுச் சத்தியத்த நீங்க எப்ப மாமா வாங்குனீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் விடவில்லை. "எங்கண்ணன் செஞ்சது துரோகம். நான் அதுக்கு வக்காலத்து வாங்க வரல. ஆனா அவன் சூடம் அடிச்சுட்டு மாறல. நீ சும்மா நில்லுன்னு ஓரமா நிறுத்துனீங்க. இப்ப எங்கம்மாவையும் ஓரமா நிறுத்துறீங்க. மரியாதையும் வேணாம், தண்டனையும் வேணாம். எல்லாரையும் போல எங்ககிட்டயும் சத்தியம் வாங்குங்க."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அன்று வெயில் தாழ்ந்ததும் தப்புச் சத்தம் மறுபடி நம் தெருவுக்குள் வந்தது. நம் வீட்டு வாசலில் மட்டும் நின்று, சொல்லிவிட்டுப் போனது. அம்மா உடனே தலைக்குக் குளிக்கத் தண்ணீர் வைக்கச் சொன்னாள். "நாளைக்குத்தாம்மா" என்றேன். "இருக்கட்டும், வெயி" என்றாள்.

மறுநாள் கோயிலில் எல்லா வீடும் முடிந்த பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்கள். நான் கட்டிக் கொடுக்கப்பட்டவள், வேறு வீடு, அதனால் கூடப் போக முடியாது. அம்மா தனியாக நடந்து போய், கீழக்கொல்லையை உயிர் உள்ளவரை கம்பெனிக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லி, எரிகிற சூடத்தை வலது கையால் அடித்தாள். மற்றவர்கள் அடித்ததும் கையை எடுத்துவிட்டார்கள். அவள் எடுக்கவில்லை. அமுக்கிக்கொண்டே நின்றாள்.

அவள் திரும்பும்போது மாமா, "இரு தங்கச்சி" என்றார். பூசாரியிடம் கையை நீட்டினார். "இன்னொரு சூடம் குடு. செல்வராசுக்கு ஒண்ணு நிக்குது."

உன் பேரைப் பொது இடத்தில் ஊர் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது அண்ணே. மாமாவே சூடத்தைக் கல்லில் வைத்துப் பற்றவைத்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தக் கையால அடிக்கட்டும் அண்ணே?"

மாமா, "அவன் எந்தக் கையால சோறு தின்னானோ அந்தக் கையால" என்றார்.

அம்மா இடது கையால் அடித்தாள். பூசாரி முணுமுணுக்கவில்லை, ஊரும் முணுமுணுக்கவில்லை. அந்தக் கையையும் அவள் சீக்கிரம் எடுக்கவில்லை.

இதுதான் அண்ணே கொப்புளத்தின் கதை. இரண்டு கையாலும் சாப்பிட முடியாததால் நான்தான் ஊட்டிவிடுகிறேன். நேற்று வெந்த பருப்பும் சோறும் பிசைந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டே, "அவனுக்கும் இப்புடித்தான் ஊட்டுனேன்" என்றாள். நீ போன பிறகு உன்னைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு. பிறகு வாய் நிறையச் சோற்றோடு அழுதாள். நான் அழவேண்டாம் என்று சொல்லவில்லை.

உனக்கு வருஷம் திரும்பித் தலைத் திவசம் வருகிறது. ஊர் வருமா என்று தெரியாது. நீ வழி விட்டதையும் விழுந்த மரங்களையும் யாரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. ஆனால் எத்தனை பேருக்குச் சமைக்கப் போகிறாய் என்று கோவிந்தசாமி மாமா உன் மாப்பிள்ளையை விசாரித்தாராம். நான் ஊருக்கே சேர்த்து உலை வைக்கப்போகிறேன். வராவிட்டால் இருக்கவே இருக்கிறது நம் செவலைப் பசு.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பிறகு கீழக்கொல்லை என் கைக்கு வரும். அன்றைக்கு எந்த உடுப்புப் போட்டவன் வந்து கேட்டாலும், ஜீப்பில் வந்து கேட்டாலும், அது அசையாது. ஐயனார் முன்னால் நானும் போய் நிற்பேன். எனக்காக ஒன்று வலது கையால், உனக்காக ஒன்று இடது கையால், இரண்டு சூடமும் நானே அடிப்பேன். இனி உன்னை யாரும் வெளியில் நிறுத்தமாட்டார்கள், நீ சும்மா நிற்கவும் நான் விடமாட்டேன்.

கோபம் தீராமலும் பாசம் குறையாமலும்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
தனம்